வேற்றறிவின் செய்தி நெல்லைக்கு எப்படி வந்து சேரும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம். பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடை வாசலில் நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலில் கோத்தது போல இருபது, இருபத்தைந்து வெளிச்சப் புள்ளிகள் ஒரே வரிசையில் சத்தமில்லாமல் நகர்ந்துபோயின. “ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள், அண்ணாச்சி. இன்டர்நெட்டுக்காக விடுறது” என்றேன். கடைக்கார அண்ணாச்சி நம்பினார். ஆனால் நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவருடைய சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதே புள்ளிகள் ‘பறக்கும் தட்டு, மக்கள் பீதி’ என்ற வரியோடு வந்து இறங்கிவிட்டன. பீதியடைந்ததாகச் சொல்லப்பட்ட மக்களில் ஒருவர் எனக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆமவடையை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுக் கேட்டார்: “சரி, ஒருநாள் நெசமாவே ஒண்ணு வந்துதுன்னா, அத நமக்கு யாரு வே சொல்லுவா?”

நல்ல கேள்வி. பூமிக்கு வெளியே ஓர் அறிவு, நான் ‘வேற்றறிவு’ என்று சொல்வது, இருப்பது தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கு உலக அளவில் யோசித்துவைத்த பதில்கள் உண்டு. அந்தப் பதில்கள் நம் ஊர்வரை வந்து சேருமா என்பதுதான் சந்தேகம்.

முதலில் அந்த ‘வந்துதுன்னா’வைக் கொஞ்சம் திருத்த வேண்டும். விஞ்ஞானிகள் யாரும் யாரோ வந்து இறங்குவார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1959-இல் கொக்கோனி, மோரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், நட்சத்திரங்களுக்கிடையே யாராவது பேசிக்கொள்வதாக இருந்தால் ஹைட்ரஜன் அணு இயல்பாக வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசைதான் பொருத்தமானது என்று எழுதினார்கள். மறு வருஷமே ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க்கில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்களின் பக்கம் திருப்பிவைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை கருவிகள் பல்லாயிரம் மடங்கு கூர்மையாகிவிட்டன. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டால் அது எப்படி இருக்கும்? ஒரு கணினித் திரையில், இரைச்சலுக்கு நடுவே மெலிதாக ஒரு கோடு. அது எங்கிருந்து வருகிறது, உண்மையில் வருகிறதா என்பதைச் சொல்லவே மாதங்கள் ஆகும். ஆயிரம் ஒளியாண்டு தொலைவிலிருந்து வந்த அலை என்றால், அது ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கிருந்து கிளம்பியது. அனுப்பியவர்கள் இப்போது இருக்கிறார்களோ இல்லையோ. யோசித்துப் பார்த்தால் இது வீட்டுக்கு விருந்தாளி வருவது போன்றதே அல்ல. ஆதிச்சநல்லூரில் தாழி கிடைப்பது போன்றது. மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, யார், எப்போது, எதற்கு என்று தலைமுறை தலைமுறையாக யோசிக்கிற வேலை.

இந்த ‘கோடு’ பலமுறை ஏமாற்றியிருக்கிறது. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், 1.33 விநாடிக்கு ஒருமுறை கடிகாரம் போலத் துடிக்கும் ஒரு சமிக்ஞையைக் கண்டார். இயற்கையில் அவ்வளவு ஒழுங்கா? பாதி வேடிக்கையாக அதற்குச் ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று பெயர் வைத்தார்கள். உண்மையாக இருந்துவிட்டால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று மூத்தவர்கள் கூடிப் பேசினார்கள். முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தப் பச்சை மனிதர்கள் என்னுடைய ஆன்டெனாவைத்தானா தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எரிச்சல்பட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு வானத்தின் வேறொரு மூலையில் அதே மாதிரி இன்னொன்று அகப்பட்டது. இரண்டு வெவ்வேறு கூட்டம் இரண்டு திசையிலிருந்து ஒரே சமயத்தில் ஒரே மாதிரி கூப்பிடுமா? கூப்பிடாது. ஆக அது இயற்கைதான். வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம், பல்சர். 1968 பிப்ரவரியில் செய்தி வெளியானது. பத்திரிகைக்காரர்கள் அவருடைய வழிகாட்டியிடம் அறிவியல் கேட்டார்கள். கண்டுபிடித்த பெண்ணிடம் காதலர் உண்டா, இடுப்பளவு என்ன என்று கேட்டார்கள். சமூகம் தயாராக இருக்கிறதா என்று பேசும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல வருஷமாக ஒரு விசித்திர வெடிப்பு அலை பதிவாகிவந்தது. 2015-இல் காரணம் தெரிந்தது: நிலையத்தில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பை, அது ஓடி முடிப்பதற்குள் பொறுமையில்லாமல் யாரோ திறந்திருக்கிறார்கள். அதே பார்க்ஸில் 2019-இல் பதிவான வேறொரு சமிக்ஞை, சூரியனுக்கு மிக அருகே 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்ஸிமா நட்சத்திரத்தின் திசையிலிருந்து வந்தது போலத் தோன்றியது. ஆய்வு முடியும் முன்பே 2020 டிசம்பரில் விஷயம் கசிந்து பத்திரிகைக்குப் போய்விட்டது. 2021-இல் ஆய்வுக் கட்டுரை வந்தபோது, அது நம்முடைய மின்னணுக் கருவிகளின் குறுக்கீடுதான் என்று தெரிந்தது. கசிந்த செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் பிறகு வந்த விளக்கத்தைப் படித்திருப்பார்கள்?

ஆக, கண்டுபிடிப்பு என்பது காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற ஒரு தேதியாக இருக்காது. நீண்டுகொண்டே போகிற ஒரு ‘இருக்கலாம்’ ஆகத்தான் இருக்கும். 2025 ஏப்ரலில் இதற்கு ஒரு சின்ன முன்னோட்டம் பார்த்தோம். 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளின் காற்றில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு மூலக்கூறு இருக்கக்கூடும் என்று கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அறிவித்தது. அறிவு அல்ல, உயிர், அதுவும் நிச்சயமில்லை. வேறு குழுக்கள் அதே தரவை எடுத்துப் பார்த்து, ஆதாரம் போதாது என்றன. எனக்கு வந்து சேர்ந்த பகிர்வுகளில் அந்த ‘கூடும்’ வழியிலேயே உதிர்ந்துபோயிருந்தது.

இதற்கெல்லாம் நெறிமுறை இல்லாமல் இல்லை. 1989-இல் சர்வதேச விண்வெளியியல் கழகம் ஒரு பிரகடனத்தை உருவாக்கியது. 2010-இல் அதைத் திருத்திச் சுருக்கினார்கள். சாரம் எளிது. சந்தேகத்துக்குரிய ஒன்று கிடைத்தால் முதலில் நீயே சரிபார். அடுத்து, உலகின் வேறு இடங்களிலுள்ள ஆய்வாளர்களைப் பார்க்கச் சொல். உறுதியானால் ஒளிக்காமல் எல்லோருக்கும் அறிவி. சர்வதேச அளவில் கலந்துபேசாமல் பதில் அனுப்பாதே. சட்ட வலிமை இதற்குக் கிடையாது. கையெழுத்திட்டவர்களின் மனசாட்சிதான் காவல். செய்தியின் கனத்தைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை அளக்க ‘ரியோ அளவுகோல்’ என்று ஒன்றும் இருக்கிறது. நிலநடுக்கத்துக்கு ரிக்டர் எப்படியோ, அப்படி. 2022-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதை மட்டுமே யோசிக்க ஒரு மையம் தொடங்கினார்கள்.

இந்த நெறிமுறையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழா ஞாபகம் வரும். நள்ளிரவில் வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போகிறது, சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வருகிறது. வந்துவிட்டது என்பதாலேயே ஊர் நம்பிவிடுவதில்லை. பெரியவர் ஒருவர் முன்னால் போய் நின்று, “வந்திருக்கிறது யாரு? சொல்லு” என்பார். குறி கேட்பார்கள். சொன்ன குறி நம்பும்படி இல்லையென்றால், “சும்மா ஆடுதான்” என்று ஓரத்தில் நிற்கிற கிழவி முணுமுணுப்பாள். சுடலைமாடனோடும் இசக்கியோடும் காலங்காலமாகக் குடித்தனம் நடத்துகிற சீமை இது. மனிதரல்லாத ஒன்று பேசுகிறது என்று யாராவது சொன்னால், முதலில் யார் என்று கேள், பிறகு சோதி, பிறகு நம்பு என்ற வரிசை இங்கே பலருக்கும் பழக்கம்தான். அறிவியலின் சோதனையும் கொடையில் நடக்கும் சோதனையும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை, ஒன்று அல்ல. கேட்டுப் பார்க்காமல் நம்பாதே என்ற மனப்பழக்கம் இருக்கிறதே, அது வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஏன் காணாமல் போகிறது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

மக்கள் பயந்துவிடுவார்கள், மதங்கள் ஆட்டம் கண்டுவிடும் என்பது பழைய வாதம். 1938-இல் செவ்வாய்க்காரர்கள் படையெடுப்பதாக ஒலிபரப்பான ஒரு வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்பார்கள். வானொலியைப் போட்டியாக நினைத்த செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக ஊதின என்பதே பின்னாளில் ஆராய்ந்தவர்களின் முடிவு. அண்டார்டிகாவில் எடுத்த ஒரு செவ்வாய்க் கல்லில் பழைய நுண்ணுயிரின் தடயம் இருக்கலாம் என்ற செய்தி 1996 ஆகஸ்டில் வந்து, அதிபர் கிளிண்டனே வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்று பேசினார். உலகம் மறுநாள் வேலைக்குப் போனது. மதத்தைப் பொறுத்தவரை, வேற்றுலக உயிர் இருந்தால் அதுவும் கடவுளின் படைப்புதான், நமக்குச் சகோதரம்தான் என்று வாடிகன் வானாய்வகத்தின் தலைவரே 2008-இல் சொல்லிவிட்டார். ஈரேழு பதினான்கு லோகம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கும், ‘அகிலங்களின் இறைவன்’ என்று தினமும் ஓதுகிற மேலப்பாளையத்துக்காரர்களுக்கும் இது அவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலும், வேற்றுலக நுண்ணுயிர் கிடைத்ததாகச் செய்தி வந்தால் மக்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடுதான் எதிர்கொள்வார்கள் என்று தெரிந்தது. ஆனால் அங்கே கேட்கப்பட்டவர்கள் அமெரிக்கர்கள். உவரிக்காரரிடமோ, களக்காட்டு வாழை விவசாயியிடமோ கேட்டுப் பார்த்தால்தான் நம் பதில் தெரியும்.

பயத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அதைச் சொல்ல மணப்பாட்டுக்குப் போக வேண்டும்.

2016 ஜனவரி 11 சாயங்காலம், திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் திமிங்கலங்கள் ஒதுங்க ஆரம்பித்தன. ஒன்றிரண்டல்ல, எண்பதுக்கும் மேல். பைலட் திமிங்கலம் என்ற வகை. கூட்டமாகவே வாழும், ஒன்று தரைதட்டினால் மற்றவை விட்டுப் போகாது. இரவோடு இரவாக முதலில் இறங்கியவர்கள் மீனவர்கள். கையால் தள்ளியும், படகில் கயிறு கட்டி இழுத்தும் ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். விட்டவை திரும்பி வந்தன. மறுபடி இழுத்தார்கள், மறுபடி வந்தன. விடிந்ததும் அதிகாரிகள், ஆராய்ச்சியாளர்கள், கேமரா, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன. கரையிலேயே குழிதோண்டிப் புதைத்தார்கள். இதே கரையில் 1973 ஜனவரியிலும் இப்படி நடந்திருக்கிறது. ஏன் வந்தன என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காரணம் இன்றுவரை இல்லை.

மனிதரல்லாத ஓர் அறிவு, கூட்டமாக, நம் வாசலில் வந்து கிடந்தது என்று அதைச் சொன்னால் மிகையில்லை. திமிங்கலங்களுக்கு மூளை பெரிது, குடும்பம் உண்டு, தமக்குள் ஒலியால் பேசிக்கொள்கின்றன. அன்றைக்கு நாம் நடந்துகொண்டதைப் பாருங்கள். மக்கள் அஞ்சி ஓடவில்லை. கருணைக்கும் குறைவில்லை, அந்த மீனவர்கள் செய்ததை வேறு யாரும் அந்த இரவில் செய்திருக்க முடியாது. பக்கத்தில் நின்று இது என்ன, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அவர்கள் பாஷையில் உடனடியாகச் சொல்ல ஆள்தான் இல்லை. வாலில் கயிறு கட்டி இழுப்பது நல்லதா கெட்டதா என்பதையே இழுத்த பிறகுதான் பேச ஆரம்பித்தோம்.

வேற்றறிவைத் தேடுகிறவர்களே இப்போது திமிங்கலத்திடம்தான் பாடம் கேட்கிறார்கள் என்பது இங்கே பொருத்தமான தகவல். 2021-இல் அலாஸ்கா கடலில், வேற்றறிவைத் தேடும் செட்டி (SETI) நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் திமிங்கல ஆய்வாளர்களும், கூனல் திமிங்கலங்களின் அழைப்பொலி ஒன்றைத் தண்ணீருக்குள் ஒலிக்கவிட்டார்கள். ட்வெயின் என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் திமிங்கலம் படகைச் சுற்றிவந்து, சுமார் 20 நிமிடம் ஒவ்வோர் ஒலிக்கும் பதில் கொடுத்தது. இவர்கள் இடைவெளியைக் கூட்டினால் அதுவும் கூட்டியது. என்ன பேசிக்கொண்டார்கள்? யாருக்கும் தெரியாது, ஒலிக்கவிட்டவர்களுக்கும் சேர்த்துத்தான். 2024-இல் இன்னொரு குழு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பெர்ம் திமிங்கல ஒலிக்கோவைகளை ஆராய்ந்து, அதில் எழுத்துகள் போல இணைந்து வரும் கூறுகள் இருப்பதாகச் சொன்னது. எழுத்து மாதிரி இருப்பது தெரிகிறது, பொருள் தெரியவில்லை. ஒரே கிரகத்தில், பாலூட்டியாக, நம்மைப் போலவே மூச்சுவிடும் ஒன்றிடமே இந்த நிலைமை.

மனிதருக்கு மனிதரே எளிதாக இருந்ததில்லையே. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அந்திரிக் அடிகளார், புன்னைக்காயலில் இருந்துகொண்டு தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, 1578-இல் தமிழில் புத்தகம் அச்சாகும் நிலைக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. அவருக்குச் சுற்றிலும் திருத்திச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். பிராக்ஸிமாவிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் பதில் வர எட்டரை வருஷம். எல்கேஜியில் சேர்த்த பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ போயிருக்கும்.

அவ்வளவு காலம் ‘இருக்கலாம்’ என்ற நிலையிலேயே ஒரு சமூகம் நிதானமாக இருக்க என்ன வேண்டும்? சொல்கிறவர்கள் மேல் நம்பிக்கை வேண்டும். இதில் நம் சீமைக்கு நல்ல அனுபவமும் உண்டு, கசப்பும் உண்டு. 2025 ஜனவரியில், சிவகளை அகழாய்வில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு அறிவித்தபோது, புளோரிடா, அகமதாபாத், லக்னோ என்று வெவ்வேறு ஆய்வகங்களில் மாதிரிகளைக் கொடுத்துப் பார்த்ததையும் சேர்த்தே சொன்னார்கள். முடிவோடு வாதாடலாம், வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாதாடுவதற்கு எண் கையில் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 2004-இல் தோண்டியதன் முழு அறிக்கைக்கோ பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் எத்தனை கதைகள் முளைத்தன என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கூடங்குளம் அணுஉலையை எதிர்த்தவர்கள் அதன் பாதுகாப்பு அறிக்கையைத் தாருங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்க வேண்டியிருந்தது. உலை சரியா தவறா என்பது வேறு விவாதம். ‘உங்களுக்குப் புரியாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற தொனிதான் இடிந்தகரையில் பலரைக் கோபப்படுத்தியது. அதே தொனியில் வானத்துச் செய்தியைச் சொன்னால் அதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சொல்லத் தகுந்தவர்கள் இங்கே இல்லாமலும் இல்லை. கிருஷ்ணாபுரம் என்றதும் நமக்குச் சிற்பம்தான் நினைவுக்கு வரும். அங்கேதான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போவதால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து ஒரு ரேடார் மேலே ரேடியோ அலையை அனுப்பி, அறுபது முதல் நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து திரும்பும் எதிரொலியை வைத்து அங்கே வீசும் காற்றை அளந்துவந்திருக்கிறது. இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிப்பதுதான் அவர்கள் அன்றாட வேலை. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987-லிருந்து இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறை போனதோடு சரி, அப்புறம் பெரியவர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஊரில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் போன் போட்டுக் கேட்கிற இடமாக இதில் ஏதாவது ஒன்று இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி. வானிலைக்கு ஒரு ஆளைப் பிடித்துவைத்து நம்புகிறோம் இல்லையா, அது போல வானத்துக்கும் ஒரு ஆள்.

இன்னொன்று, சொற்கள். ‘வேற்றுக்கிரகவாசி’ என்று சொன்னவுடனே ஒரு கிரகம், அதில் ஒருவர் வசிக்கிறார் என்று இரண்டு முடிவுகள் எடுத்தாகிவிட்டது. சமிக்ஞையை அனுப்பியது ஓர் எந்திரமாக இருக்கலாம்; அனுப்பியவர்கள் என்றைக்கோ அழிந்திருக்கலாம். அதனால்தான் நான் ‘வேற்றறிவு’ என்று எழுதிப் பார்க்கிறேன். நல்ல சொல் வேறு யாராவது சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது, இன்னும் உறுதியாகாத சமிக்ஞைக்கு ஒரு சொல். ஆங்கிலச் செய்திக்குறிப்பு வெளியாகி, அது தமிழ்த் தலைப்பாக மாறும் பத்து நிமிடத்தில் முதலில் காணாமல் போவது அந்த உறுதியின்மைதான். அதைச் சுமக்க நம்மிடம் சின்னதாக, வாயில் நுழைகிற சொல் இல்லை. ‘ஐயச் சமிக்ஞை’ என்று ஒன்றை யோசித்துவைத்திருந்தேன்.

போன வாரம் அதை அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். டீயை ஆற்றிக்கொண்டே முகத்தைச் சுளித்தார். அது என்ன ஐயம், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கு என்றார். விஷயத்தை முழுதாக விளக்கினேன்: சத்தம் ஒன்று கேட்டிருக்கிறது, யார் என்று தெரியவில்லை, நாலு இடத்தில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், சொல்ல வருஷக்கணக்கில் ஆகலாம்.

“அப்போ சாமி வந்திருக்கு, இன்னும் குறி சொல்லலன்னு போட வேண்டியதுதான” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு டீ நீட்டினார்.